ஓல்டம் கவுன்சிலை நடத்துவது யார்? இங்கிலாந்தின் மெட்ரோபாலிட்டன் பரோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மான்செஸ்டர் விக்டோரியாவில் டிராம் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஊர் ஓல்டம். வேலைக்கோ படிப்புக்கோ இந்தப் பக்கம் வந்திறங்கும் நம் ஆட்கள் முதல் ஆறு மாதத்தில் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். குப்பை எடுக்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, போன வருஷம்தானே தேர்தல் நடந்தது மறுபடியும் ஏன் வாசலில் துண்டறிக்கை விழுகிறது, கழுத்து நிறையத் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு வருகிற மேயர் ஏன் எதையும் முடிவு செய்வதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு ஓல்டத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் இந்த அமைப்பின் நெளிவு சுளிவு அத்தனையும் அங்கே நடந்து முடிந்திருக்கிறது. மற்ற ஊர்கள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே சொல்கிறேன்.

மெட்ரோபாலிட்டன் பரோ என்றால் என்ன?

1972-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கிலாந்தின் பெரிய தொழில் நகரப் பகுதிகளை ஆறு மெட்ரோபாலிட்டன் கவுன்டிகளாகப் பிரித்தார்கள். கிரேட்டர் மான்செஸ்டர், மெர்சிசைட், சவுத் யார்க்‌ஷயர், வெஸ்ட் யார்க்‌ஷயர், டைன் அண்ட் வேர், வெஸ்ட் மிட்லண்ட்ஸ். இந்த ஆறுக்குள் மொத்தம் 36 பரோக்கள், அதாவது தனித்தனிக் கவுன்சில் வைத்திருக்கும் உள்ளாட்சிப் பகுதிகள். லண்டன் பரோக்கள் இதில் சேராது, அது 1965-லேயே போட்ட வேறு கணக்கு.

ஆரம்பத்தில் இரண்டு அடுக்கு இருந்தது. மேலே கவுன்டி கவுன்சில், கீழே பரோ கவுன்சில். 1986-ல் தாட்சர் அரசு மேலடுக்கைக் கலைத்துவிட்டது. அதனால் கவுன்டியின் பெயர் மேப்பிலும் விலாசத்திலும் இருக்கும், ஆனால் அந்தப் பெயரில் கவுன்சில் கிடையாது. பள்ளிக்கூடம் முதல் சாலைப் பள்ளம் வரை எல்லாம் பரோ தலையில் வந்து விழுந்தது அப்படித்தான்.

ஓல்டம் என்றால் ஊரா, பரோவா?

இரண்டும். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. 1974-ல் ஓல்டம் நகரத்தோடு சாடர்டன், ராய்டன், கிராம்ப்டன், ஃபெயில்ஸ்வொர்த், லீஸ், சாடில்வொர்த் ஆகிய ஆறு பகுதிகளையும் ஒன்றாகக் கட்டி "ஓல்டம் மெட்ரோபாலிட்டன் பரோ" என்று பெயர் வைத்தார்கள். இதில் சாடில்வொர்த் அதுவரை யார்க்‌ஷயரைச் சேர்ந்தது. அம்பது வருஷம் ஆகியும் அங்கே சில வீடுகளில் யார்க்‌ஷயரின் வெள்ளை ரோஜாக் கொடி பறக்கிறது. கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) கட்டுவது மட்டும் ஓல்டத்துக்கு.

ஓல்டம்காரர்கள் பாடாவது பரவாயில்லை, ஊர்ப் பெயராவது மிஞ்சியது. ஹடர்ஸ்ஃபீல்டும் டியூஸ்பரியும் சேர்ந்த பரோவுக்கு "கிர்க்லீஸ்" என்று பெயர் வைத்தார்கள், அப்படி ஒரு ஊரே கிடையாது. ஒரு பழைய கன்னியர் மடத்தின் பெயர் அது. அந்த மடம் இருந்த இடமோ பக்கத்துப் பரோவான கால்டர்டேலில் இருக்கிறது!

சில இடத்தில் "சிட்டி கவுன்சில்" என்கிறார்களே, அதிகாரம் கூடுதலா?

இல்லை. மான்செஸ்டர், லீட்ஸ், பர்மிங்காம், சண்டர்லண்ட் எல்லாமே சட்டப்படி மெட்ரோபாலிட்டன் பரோக்கள்தான். "சிட்டி" என்பது மன்னரோ ராணியோ கொடுக்கும் பட்டம். 2022-ல் ராணியின் பிளாட்டினம் ஜூபிலியை ஒட்டி டான்காஸ்டருக்குக் கிடைத்தது. பெயர்ப்பலகை மாறியது, குப்பை வண்டி அதே கிழமையில்தான் வந்தது.

கவுன்சில் என்னென்ன செய்யும், எதையெல்லாம் செய்யாது?

கண்ணுக்குத் தெரிவது குப்பை, தெருவிளக்கு, பூங்கா, நூலகம். பணம் போவது வேறு இடத்துக்கு. முதியோர், மாற்றுத்திறனாளிகள், பாதுகாப்பில்லாத குழந்தைகள் ஆகியோரின் பராமரிப்புதான் பட்ஜெட்டில் பெரும் பங்கைத் தின்னுகிறது, அது சட்டப்படி தட்டிக்கழிக்க முடியாத கடமை. இது போக, பள்ளியில் இடம் ஒதுக்குவது, வீடில்லாதவர்களுக்கு ஏற்பாடு, கட்டட அனுமதி, டாக்ஸி உரிமம், உணவகச் சுகாதாரச் சோதனை, பிறப்பு இறப்புப் பதிவு, 2013 முதல் பொதுச் சுகாதாரம்.

செய்யாதது: மருத்துவமனையும் டாக்டரும் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவ சேவையின் கையில். விசாவும் பாஸ்போர்ட்டும் மத்திய அரசு. போலீஸ், தீயணைப்பு, பஸ், டிராம் எல்லாம் பரோவுக்கு மேலே இருக்கிற கூட்டு அமைப்பிடம். கிரேட்டர் மான்செஸ்டரில் பத்து பரோக்களும் சேர்ந்து 2011-ல் ஒரு "கம்பைன்ட் அத்தாரிட்டி" அமைத்தன. 2017-ல் அதற்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் ஆண்டி பர்னம். மஞ்சள் நிற பீ நெட்வொர்க் பஸ் நேரத்துக்கு வரவில்லை என்று ஓல்டம் கவுன்சிலுக்கு மெயில் போட்டால் பணிவான பதில் ஒன்று வரும், அவ்வளவுதான். 1986-ல் கலைத்த மேலடுக்கு வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

எத்தனை கவுன்சிலர்கள்?

ஊரைப் பொறுத்தது. ஓல்டத்தில் 20 வார்டு, வார்டுக்கு 3 பேர், ஆக 60. மான்செஸ்டரில் 32 வார்டு, 96 பேர். லீட்ஸில் 99. சின்னதான நோஸ்லியில் 45. பர்மிங்காம் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிற இடம், அங்கே 101. வார்டு எல்லைகளை அந்தந்தக் கவுன்சில் தன் வசதிக்கு வரைந்துகொள்ள முடியாது, அதற்கென்று தனி எல்லை ஆணையம் இருக்கிறது. வாக்காளர் எண்ணிக்கை வார்டுக்கு வார்டு ரொம்பவும் ஏறி இறங்கிப்போனால் அது வந்து திருத்தி வரையும்.

வருஷா வருஷம் ஏன் தேர்தல்?

ஒரு கவுன்சிலரின் பதவிக்காலம் 4 வருஷம். ஆனால் உங்கள் வார்டின் மூன்று பேரும் ஒரே நாளில் தேர்தலுக்கு வருவதில்லை. இந்த மே மாதம் ஒருவர், அடுத்த மே மாதம் இன்னொருவர், அதற்கடுத்த வருஷம் மூன்றாமவர், நாலாவது வருஷம் பரோவுக்கு விடுமுறை. அதாவது மூன்றில் ஒரு பங்கு சபை ஒவ்வொரு தடவையும் மாறும். ஓல்டத்தில் 2024-ல் தேர்தல், 2025 விடுமுறை, 2026, 2027-ல் மறுபடியும். நாள் வழக்கமாக மே மாத முதல் வியாழக்கிழமை. அன்று உங்களுக்கு ஒரு ஓட்டு, அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார், பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்றெல்லாம் இல்லை.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஒரே ராத்திரியில் அனுபவமில்லாத அறுபது பேர் உள்ளே வந்துவிட முடியாது. அதே சமயம் ஊரே கோபத்தில் இருந்தாலும் சபையின் இருபது இடத்தைத்தான் ஒரு தடவையில் தொட முடியும், மீதி நாற்பது பேர் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இன்னொரு விஷயம், நாலில் மூன்று வருஷம் ஏதோ ஒரு பிரசாரம் ஓடிக்கொண்டே இருப்பதால், கசப்பான முடிவுகளை விடுமுறை வருஷத்துக்குத் தள்ளி வைக்கிற சபலம் யாருக்கும் வரும். எனக்கு இந்த முறை பிடிக்கவில்லை, ஆனால் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

2023-ல் மூன்று பேருக்கு ஓட்டுப் போட்டதாக ஞாபகம். அது எப்படி?

சரியான ஞாபகம். வார்டு எல்லைகள் மாறினால் பழைய கவுன்சிலர்களைப் புது வார்டுக்குள் பொருத்த முடியாது, அதனால் அந்த ஒரு தடவை அறுபது இடத்துக்கும் மொத்தமாகத் தேர்தல். ஆளுக்கு மூன்று ஓட்டு. ஜெயித்த மூன்று பேரில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு 2027 வரை, இரண்டாமவருக்கு 2026 வரை, மூன்றாமவருக்கு 2024 வரைதான். பாவம், மூன்றாவதாக வந்தவர் நாற்காலி சூடாவதற்குள் மறுபடியும் துண்டறிக்கையைத் தூக்கிக்கொண்டு கதவு தட்டப் போக வேண்டியதாயிற்று.

எல்லாப் பரோவிலும் இந்த மூன்றில் ஒரு பங்கு முறைதானா?

பெரும்பாலும். ஆனால் சில இடங்கள் நாலு வருஷத்துக்கு ஒரு முறை மொத்தத் தேர்தலுக்கு மாறிவிட்டன. பர்மிங்காம் 2018 முதல், ராதர்ஹாம் 2016 முதல், லிவர்பூலும் விர்ரல் பரோவும் 2023 முதல். ராதர்ஹாம் தானாக மாறவில்லை. குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதைக் கவுன்சில் வருஷக்கணக்காகக் கண்டுகொள்ளாமல் விட்டது வெளியே வந்து, 2015-ல் மத்திய அரசு கமிஷனர்களை அனுப்பி நிர்வாகத்தையே எடுத்துக்கொண்டது. அதன் தொடர்ச்சிதான் மொத்தத் தேர்தல். லிவர்பூலுக்கும் 2021-ல் கமிஷனர்கள் வந்தார்கள்.

சரி, உண்மையில் யார் கையில் அதிகாரம்?

லீடர். கவுன்சில் லீடர் என்று சொல்வார்கள். மக்கள் அவரை லீடராகத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் ஒரு வார்டின் கவுன்சிலர், அவ்வளவுதான். மே மாதத் தேர்தல் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டு அவரை லீடராக்குகிறார்கள். ஒரு கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தால் அந்த ஓட்டு வெறும் சடங்கு, நிஜப் போட்டி அதற்குச் சில நாள் முன்பு கட்சிக் குழுவின் கதவடைத்த கூட்டத்தில் நடந்து முடிந்திருக்கும். லீடர் தன் கேபினட்டைத் தானே பொறுக்கிக்கொள்கிறார். அவரையும் சேர்த்து 3 பேருக்குக் குறையக் கூடாது, 10 பேருக்கு மேல் போகக் கூடாது. கல்வி ஒருவருக்கு, வீட்டுவசதி ஒருவருக்கு, நிதி ஒருவருக்கு என்று இலாகா பிரித்துக்கொள்வார்கள். 60 பேர் கவுன்சிலில் உட்கார்ந்திருந்தாலும் அன்றாட முடிவுகளை எடுப்பது இந்தப் பத்துப் பேருக்குள்தான். 2000-ல் வந்த சட்டம் கொண்டுவந்த முறை இது.

இப்போது ஓல்டம் கதைக்கு வருகிறேன். 2011 முதல் லேபர் கட்சிக்கு அங்கே பெரும்பான்மை. 2021 மே தேர்தலில் அப்போதைய லீடர் ஷான் ஃபீல்டிங் தன் ஃபெயில்ஸ்வொர்த் வெஸ்ட் வார்டில் தோற்றார். தோற்கடித்தது பெரிய கட்சி இல்லை, ஃபெயில்ஸ்வொர்த்துக்காகவே ஆரம்பித்த உள்ளூர்க் கட்சி. அடுத்து லீடரான அரூஜ் ஷா 2022-ல் சாடர்டன் சவுத்தில் தோற்றார். அடுத்து வந்த அமாண்டா சாடர்டன் 2023-ல் ராய்டன் சவுத்தில் தோற்றார். (சாடர்டன் என்று பெயர் வைத்துக்கொண்டு ராய்டனில் தோற்றதை உள்ளூர்க்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.) மூன்று வருஷம், மூன்று லீடர்கள், மூன்று பேரும் அவரவர் வார்டிலேயே காலி. ஆனால் மூன்று தடவையும் கட்சி ஆட்சியில் நீடித்தது! 2023-ல் வேறு வார்டில் ஜெயித்துத் திரும்பிய அரூஜ் ஷாவே மறுபடியும் லீடரானார். 2024-ல் லேபருக்குப் பெரும்பான்மையும் போயிற்று, அப்போதும் லீடர் அவர்தான்.

இதிலிருந்து விளங்குவது என்னவென்றால், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர் வாழும் பரோவின் தலைமை யார் என்பதை, அந்த வருஷம் அவர் வார்டில் வாக்குச்சாவடிக்கு எழுந்துபோன சில ஆயிரம் பேர் மாற்றிவிடலாம். மேலே சொன்ன கிரேட்டர் மான்செஸ்டர் கூட்டு அமைப்பில் மேயரோடு உட்காருவது பத்து பரோக்களின் தலைமையில் இருப்பவர்கள்தான் என்பதால், ஃபெயில்ஸ்வொர்த்தின் ஒரு தெருக் கோபம் அந்த மேஜை வரைக்கும் போகும். உங்கள் வார்டில் நிற்பவர் லீடர் என்றால் அந்த ஓட்டுக்கு எடை வேறு.

யாருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால்?

"நோ ஓவரால் கன்ட்ரோல்" என்று முடிவுகளில் போடுவார்கள். கூட்டணி வைக்கலாம், அல்லது பெரிய கட்சி சிறுபான்மை நிர்வாகமாக நடத்தி ஒவ்வொரு ஓட்டுக்கும் சுயேச்சைகளின் கதவைத் தட்டலாம். கவுன்சில் கலைக்கப்பட்டு மறுதேர்தல் வருவது என்கிற பேச்சே இல்லை. அடுத்த மே வரை எப்படியாவது ஓட்டியாக வேண்டும்.

அப்படியானால் மேயர் எதற்கு?

இங்கே மூன்று விதமான மேயர்கள் இருக்கிறார்கள், ஒரே சொல்லை மூன்றுக்கும் வைத்துத் தொலைத்துவிட்டார்கள்.

முதலாவது சங்கிலி மேயர். கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒரு வருஷத்துக்குத் தேர்ந்தெடுப்பார்கள். கவுன்சில் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், ஓட்டுச் சமமானால் தன் கூடுதல் ஓட்டைப் போடுவார், பள்ளி விழாவுக்கும் பொங்கல் நிகழ்ச்சிக்கும் அழைத்தால் சங்கிலியோடு வருவார். பெரிய நகரங்களில் இவர் "லார்ட் மேயர்". படம் எடுத்துக்கொள்ளலாம், சாலைப் பள்ளத்தைப் பற்றிச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

இரண்டாவது, லீடருக்குப் பதிலாக மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பரோ மேயர். டான்காஸ்டரிலும் நார்த் டைன்சைடிலும் 2002 முதல், சால்ஃபர்டில் 2012 முதல். லிவர்பூல் 2012-ல் ஆரம்பித்து 2023-ல் விட்டுவிட்டது. 2012 மே மாதம் பெரிய நகரங்களில் இதற்காகப் பொதுவாக்கெடுப்பு வைத்தபோது மான்செஸ்டர், லீட்ஸ், பர்மிங்காம், நியூகாசில், பிராட்ஃபர்ட் எல்லாம் வேண்டாம் என்றுவிட்டன.

மூன்றாவது, பரோக்களுக்கு மேலே இருக்கும் பர்னம் மாதிரியான வட்டார மேயர். ஆக, சால்ஃபர்டில் குடியிருப்பவருக்கு ஒரே நேரத்தில் மூன்று மேயர்கள்.

இந்த இரண்டாவது வகையில் வேடிக்கைகள் நடக்கும். 2025 மே மாதம் டான்காஸ்டரில் லேபரின் ராஸ் ஜோன்ஸ் வெறும் 698 ஓட்டு வித்தியாசத்தில் மேயராகத் தப்பினார். அதே நாளில் கவுன்சிலின் 55 இடத்தில் 37-ஐ ரிஃபார்ம் கட்சி அள்ளிக்கொண்டது. மேயர் ஒரு கட்சி, கவுன்சில் இன்னொரு கட்சி. மேயரின் பட்ஜெட்டைக் கவுன்சில் திருத்த வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 55-ல் அது எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 37.

லீடரும் வேண்டாம், மேயரும் வேண்டாம் என்றால்?

கமிட்டி முறை இருக்கிறது, கேபினட்டுக்குப் பதிலாகக் கவுன்சிலர் குழுக்களே முடிவெடுக்கும். 2000-க்கு முன்பு எல்லாக் கவுன்சிலும் அப்படித்தான் நடந்தன, 2011 சட்டம் விரும்பினால் திரும்பிப் போகலாம் என்று வழிவிட்டது. ஷெஃபீல்டில் தெருவோர மரங்களை ஆயிரக்கணக்கில் கவுன்சில் வெட்டித் தள்ளிய விவகாரத்தில் ஊர் கொதித்துப்போயிருந்தது. சிலர் கைதுகூட ஆனார்கள். பத்துப் பேர் கேபினட்டில் முடிவெடுத்துவிட்டு மற்ற கவுன்சிலர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும் என்று கையெழுத்து வாங்கி, 2021 மே மாதம் பொதுவாக்கெடுப்பு வரைக்கும் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 65 சதவீதம் பேர் கமிட்டி முறைக்கு ஓட்டுப் போட, 2022 மே முதல் அது நடைமுறைக்கு வந்தது. எல்லாக் கட்சிக் கவுன்சிலர்களும் ஏதாவது ஒரு கமிட்டியில் ஓட்டுரிமையோடு உட்காருகிறார்கள். வேகம் குறையும் என்பது உண்மைதான். வேகமாக மரம் வெட்டியதன் பலனைப் பார்த்த ஊருக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

கேபினட்டில் இல்லாத கவுன்சிலருக்கு என்ன வேலை?

ஸ்க்ரூட்டினி கமிட்டி. கேபினட் எடுத்த முடிவை அமலுக்கு வருமுன் "கால்-இன்" செய்து மறுபடி யோசிக்கச் சொல்லலாம், ரத்து செய்ய முடியாது. அப்புறம் பிளானிங் (கட்டட அனுமதி), லைசென்சிங் (உரிமம்) கமிட்டிகள். இவை கேபினட்டுக்குக் கட்டுப்படாதவை, பிளானிங் கமிட்டியில் கட்சிகளின் பலத்துக்கு ஏற்ற விகிதத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பக்கத்து வீட்டு மாடிக் கட்டடத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்கும்போது இந்தப் பிளானிங் கமிட்டியில் இருக்கும் கவுன்சிலரிடம் முன்கூட்டியே வாக்குறுதி கேட்காதீர்கள். திறந்த மனதோடு கேட்க வேண்டியவர் முடிவை முன்பே சொல்லிவிட்டால் அவரால் அந்தக் கூட்டத்தில் ஓட்டுப் போட முடியாமல் போகலாம், நஷ்டம் உங்களுக்குத்தான். சின்ன விண்ணப்பங்கள் பெரும்பாலும் கமிட்டிக்கே வராது, அதிகாரிகளே முடித்துவிடுவார்கள்.

அதிகாரிகள் யார்? அரசு அனுப்புகிறதா?

இல்லை. நம் ஊர் மாநகராட்சி ஆணையர் மாதிரி மேலிருந்து வருகிற ஐ.ஏ.எஸ். கிடையாது. சீஃப் எக்ஸிக்யூட்டிவ் முதல் நூலக ஊழியர் வரை கவுன்சிலே விளம்பரம் கொடுத்து, நேர்முகம் வைத்து, சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் ஆட்கள். ஆட்சி மாறினாலும் அவர்கள் இருப்பார்கள். சட்டப்படி கட்டாயமான பதவிகளில் முக்கியமானவை மூன்று. நிர்வாகத் தலைவர், சட்டம் மீறாமல் பார்த்துக்கொள்ளும் மானிட்டரிங் ஆபீசர், பணத்துக்குப் பொறுப்பான "செக்‌ஷன் 151" அதிகாரி.

அந்த மூன்றாமவர்தான் "செக்‌ஷன் 114" நோட்டீஸ் கொடுப்பவரா?

ஆமாம். வரவு செலவு பொருந்தப்போவதில்லை என்று தெரிந்தால் 1988-ன் நிதிச் சட்டப்படி அவர் அந்த அறிவிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும், லீடருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். பர்மிங்காமில் 2023 செப்டம்பரில் வந்தது. பெண் ஊழியர்களுக்குக் கொடுக்காமல் விட்ட சம ஊதியத்தின் பாக்கி, சொதப்பிய கணினி அமைப்பு என்று பல காரணங்கள். பத்திரிகைகள் "திவால்" என்று எழுதின. கம்பெனி மாதிரி கவுன்சில் மூடப்படுவதில்லை. சட்டப்படி செய்தே தீர வேண்டியதைத் தவிர புதிய செலவு எதுவும் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்பதற்குள் நூலகமும் இளைஞர் மையமும் காணாமல் போகும்.

கவுன்சில் டாக்ஸ் முழுக்க இவர்களுக்கா போகிறது?

பெரும்பகுதி பரோவுக்கு. பில்லை உற்றுப் பார்த்தால் போலீசுக்கு ஒரு வரி, தீயணைப்பு உட்பட வட்டார மேயரின் செலவுக்கு ஒரு வரி தனியாக இருக்கும், வசூலிப்பவர் மட்டும் பரோ. சாடில்வொர்த்திலும் ஷா என்கிற ஊர்ப் பக்கத்திலும் பாரிஷ் கவுன்சில் என்று இன்னொரு குட்டி அடுக்கு உண்டு, அதற்கும் கொஞ்சம். வீடுகளை ஏ முதல் ஹெச் வரை எட்டுப் பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள், 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற கணக்கில். நேற்றுக் கட்டிய வீட்டுக்கும் 1991 விலைதான்! தனியாக வசிப்பவருக்கு 25 சதவீதம் தள்ளுபடி, வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. இரண்டுக்கும் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும், அவர்களாகக் கழித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த வருஷ வரியை மார்ச் 11-க்குள் முழுக் கவுன்சில் கூடி முடிவு செய்தாக வேண்டும். அண்மை ஆண்டுகளில் 5 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்ற வேண்டுமானால் பொதுவாக்கெடுப்பு வைக்க வேண்டும் என்பதால், 36 பரோக்களில் பல 4.99-ல் வந்து நிற்கின்றன. கடைக்காரர்களின் 99 பைசாத் தந்திரம் நினைவுக்கு வருகிறது. எனக்குப் பிடித்த விதி ஒன்று, தன் சொந்தக் கவுன்சில் டாக்ஸை இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி வைத்த கவுன்சிலர் அந்த பட்ஜெட் ஓட்டெடுப்பில் கலந்துகொள்ள முடியாது.

நான் விசாவில்தான் இருக்கிறேன். ஓட்டுப் போடலாமா?

போடலாம். இந்தப் பக்கத்தில் இதை மட்டுமாவது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்தக் குடிமக்கள் மாணவர் விசாவோ வேலை விசாவோ எதுவானாலும் சட்டப்படி இங்கே வசித்தால், வாக்காளர் பட்டியலில் சேர்ந்து, 18 வயதானால் ஓட்டுப் போடலாம். கவுன்சில் தேர்தல் மட்டுமில்லை, நாடாளுமன்றத் தேர்தலிலும். பிரிட்டிஷ் குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று பத்து வருஷம் சும்மா இருந்தவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன்.

பட்டியலில் சேரக் கடைசி நாள் தேர்தலுக்கு 12 வேலை நாட்கள் முன்பு. பட்டியலில் பெயர் இருந்தால் வங்கிக் கடன் வாங்கும்போதும் உதவும். 2023 மே முதல் வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாள அட்டை கட்டாயம். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் செல்லும், காலாவதியானாலும் படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும். நம் ஊர் டிரைவிங் லைசென்ஸ் செல்லாது. எதுவும் இல்லையென்றால் இலவசமாக ஒரு வாக்காளர் சான்று வாங்கிக்கொள்ளலாம். காலை 7 முதல் இரவு 10 வரை சாவடி திறந்திருக்கும்.

தேர்தலில் நிற்கலாமா?

அதற்கு விசா போதாது. காமன்வெல்த் குடிமக்கள் நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியிருக்க வேண்டும். பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு அந்தக் கேள்வி இல்லை. அந்தப் பரோவின் வாக்காளராக இருக்க வேண்டும், அல்லது கடைசி 12 மாதம் அங்கே வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ வேண்டும். டெபாசிட் கிடையாது. வார்டு வாக்காளர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் வேட்புமனு தயார். அந்தக் கவுன்சிலிலேயே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் நிற்க முடியாது, பள்ளி ஊழியர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜெயித்தால் சம்பளம் இல்லை, படித்தொகை உண்டு. லீடருக்கும் கேபினட்டுக்கும் கூடுதல். சாதாரணக் கவுன்சிலர்கள் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு ஓடுகிறவர்கள், அதை நினைவில் வைத்துக்கொண்டு மெயில் எழுதினால் நல்லது.

கவுன்சிலரை எப்படிப் பிடிப்பது?

கவுன்சில் இணையதளத்தில் தபால் குறியீட்டைப் போட்டால் உங்கள் மூன்று பேரின் பெயரும் மெயிலும் வரும். முதலில் புகாரைக் கவுன்சிலிலேயே பதிவு செய்து எண் வாங்குங்கள், பலிக்கவில்லை என்றால் அந்த எண்ணோடு கவுன்சிலருக்கு எழுதுங்கள். மூன்று பேரும் வேறு வேறு கட்சி என்றால் உங்கள் பாடு கொண்டாட்டம், அதிலும் அடுத்த மே மாதம் தேர்தலுக்கு நிற்கப்போகிறவர் யார் என்று பார்த்து அவரைப் பிடித்தால் பதில் சீக்கிரம் வரும். கவுன்சிலர் "சர்ஜரி" நடத்துகிறார் என்று நோட்டீஸ் பார்த்து ஒரு நண்பர் பயந்துவிட்டார். மக்களை நேரில் சந்திக்கும் நேரத்துக்கு இங்கே அதுதான் பெயர்.

கூட்டங்களை நேரில் போய்ப் பார்க்கலாம், படம்கூடப் பிடிக்கலாம், 2014 முதல் அது உரிமை. என்ன பேசப்போகிறார்கள் என்பது ஐந்து வேலை நாட்கள் முன்பே வெளியாகும். சில ரகசிய விஷயங்கள் வரும்போது மட்டும் வெளியே அனுப்புவார்கள்.

கவுன்சிலர் சரியில்லை என்றால் நடுவில் தூக்க முடியுமா?

வாக்காளரால் முடியாது, அடுத்த தேர்தல்வரை பொறுக்க வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து எந்தக் கூட்டத்துக்கும் வராவிட்டால், கவுன்சில் விடுப்புக்கு ஒப்புதல் கொடுத்திருந்தால் தவிர, பதவி தானாகப் போய்விடும். மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டாலும் போய்விடும், நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையானாலும் சரி. பிறகு இடைத்தேர்தல்.

ஓட்டு எண்ணிக்கை சமமாக வந்தால்?

மறுபடி எண்ணுவார்கள். அப்போதும் சமம் என்றால் குலுக்கல்தான், சட்டமே அப்படிச் சொல்கிறது. எப்படிக் குலுக்குவது என்பதைத் தேர்தல் அதிகாரி முடிவு செய்துகொள்ளலாம். குலுக்கலில் பெயர் வந்தவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாகச் சேர்த்து அவரை வென்றவராக அறிவிப்பார்கள், நாலு வருஷப் பதவி அந்தத் துண்டுச் சீட்டில்.